கார் சப்வூஃபருக்கு ஏற்ற ஆம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர்) வாங்குபவர்களில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்ஸ். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் சப்வூஃபரின் (பேஸுக்கான ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) காயிலை, அதாவது கோனை அசைக்கும் கம்பிச்சுருளைப் பாருங்கள், அடுத்து அது தொடர்ந்து தாங்கும் வாட்ஸ், அப்புறம் உங்கள் வண்டி கொடுக்கக்கூடிய கரண்ட். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் எந்த ஆம்ப் என்பது ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். அதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

ஸ்டீரியோவிலேயே 50 வாட்ஸ் × 4 என்று போட்டிருக்கிறது. சப்புக்குத் தனி ஆம்ப் எதற்கு?

அந்த 50 வாட்ஸ் ஒரு நொடிக்கும் குறைவான உச்ச அளவு. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் புரியும். வண்டி ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். சாதாரண ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஐ.சி. (சிப்) அந்த வோல்ட்டை அப்படியே பயன்படுத்துகிறது, ஏற்றிக்கொள்வதில்லை. 14.4 வோல்ட் உச்சத்தில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடியது கணக்குப்படி 26 வாட்ஸ். உள்ளே வீணாவது போக நிஜத்தில் 18 முதல் 22 வாட்ஸ் வரை கிடைக்கும். கதவு ஸ்பீக்கருக்கு இது போதும். ஆனால் 10 இன்ச், 12 இன்ச் கோனை அசைத்துக் காற்றைத் தள்ள இது போதாது. தனி ஆம்ப்புக்குள் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை இருக்கிறது. அதனால்தான் அதே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதனால் நூற்றுக்கணக்கான வாட்ஸ் எடுக்க முடிகிறது.

சப்வூஃபரில் எந்த விவரத்தைப் பார்த்து ஆம்ப் முடிவு செய்வது?

ஆர்.எம்.எஸ். வாட்ஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்ஸ்) எவ்வளவு, காயில் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை ஓம். இவ்வளவுதான். எத்தனை இன்ச் என்பது ஆம்ப் விஷயத்தில் உதவாது. 250 வாட்ஸ் தாங்கும் 12 இன்ச் சப்பும் இருக்கிறது, 1,000 வாட்ஸுக்கு மேல் தாங்குவதும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

பெட்டியில் 1,200 வாட்ஸ், உள்ளே தாளில் ஆர்.எம்.எஸ். 300 வாட்ஸ். எதை எடுத்துக்கொள்வது?

300. கண்ணை மூடிக்கொண்டு 300. ஆர்.எம்.எஸ். என்பது மணிக்கணக்கில் பாட்டு ஓடினாலும் காயில் சூட்டைத் தாங்கும் அளவு. பீக், மேக்ஸ், பி.எம்.பி.ஓ. என்றெல்லாம் வருபவை கண்ணிமைக்கும் நேரத்துக்கான எண்கள். அவற்றை அளக்க எல்லோருக்கும் பொதுவான முறையும் கிடையாது.

ஆம்ப்புக்கு மட்டும் ஒரு பொது அளவுகோல் உண்டு. சி.டி.ஏ.-2006 என்று அதற்குப் பெயர், முன்பு சி.இ.ஏ.-2006 என்றார்கள். 14.4 வோல்ட்டில், 4 ஓம் லோடில், டிஸ்டார்ஷனும் இரைச்சலும் சேர்ந்து 1 சதவீதத்துக்கு மேல் போகாமல் எத்தனை வாட்ஸ் வருகிறது என்று அளந்து சொல்ல வேண்டும். அந்த முத்திரை இருக்கும் ஆம்ப்பின் எண்ணை நம்பி வாங்கலாம். முத்திரை இல்லாத ஆம்ப் எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதன் எண்ணை நீங்களே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கான வழி அடுத்த கேள்வியில் இருக்கிறது.

3,000 வாட்ஸ் ஆம்ப் என்கிறார்கள், கையகலம்தான் இருக்கிறது. உண்மையான வாட்ஸை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒயர் மாட்டும் பக்கத்தில் ஃபியூஸ் செருகியிருப்பார்கள், அதைப் பாருங்கள். இரண்டு 25 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 ஆம்பியர். 14.4 வோல்ட்டால் பெருக்கினால் 720 வாட்ஸ். அந்த ஆம்ப் உள்ளே இழுத்துக்கொள்ளும் மின்சாரமே அவ்வளவுதான். கிளாஸ் டி (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை) ஆம்ப் என்றால் அதில் 80 சதவீதம் போல வெளியே வரும். ஆக 575 வாட்ஸ் பக்கம். கிளாஸ் ஏபி (அதிகம் சூடாகும் வகை) என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேல், 400 வாட்ஸ் வாக்கில். 3,000 என்று அச்சடித்திருந்தாலும் 50 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 3,000 வாட்ஸ் தொடர்ந்து போக வழியே இல்லை.

ஃபியூஸ் சில நொடிகளுக்குத் தன் அளவுக்கு மேலும் தாங்கும் என்பதால் இது துல்லியமான அளவு ஆகாது. ஆனாலும் பொய்யான எண்ணை அரை நிமிடத்தில் பிடித்துவிட இது போதும். ஆம்ப்பில் ஃபியூஸே இல்லை, வெளியில் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் எத்தனை ஆம்பியர் போடச் சொல்கிறார்கள் என்பதை வைத்து இதே கணக்கைப் போடலாம்.

சப் 500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஆம்ப் எத்தனை வாட்ஸ் இருக்கலாம்?

நீங்கள் இணைக்கப்போகும் ஓமில் 400 முதல் 700 வாட்ஸ் வரை கொடுக்கும் எதுவும் சரி. என்னைக் கேட்டால் 600 வாட்ஸ் ஆம்ப்பை எடுத்து, கெயினை (ஸ்டீரியோ சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்பைப் பொருத்தும் திருகி) குறைத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். மூச்சு முட்டாமல் ஓடும் ஆம்ப்பின் பேஸ் சுத்தமாக இருக்கும், சூடும் குறைவு. 400 வாட்ஸ் ஆம்ப்பை எல்லை வரை முறுக்கி ஓட்டுவதைவிட இது சப்புக்கும் நல்லது.

"இணைக்கப்போகும் ஓமில்" என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். ஒரே மோனோபிளாக் (ஒரே ஒரு சேனல் உள்ள) ஆம்ப் 4 ஓமில் 300, 2 ஓமில் 500, 1 ஓமில் 800 வாட்ஸ் கொடுக்கலாம். பெட்டியில் 800 என்று மட்டும் போட்டிருப்பார்கள். உங்கள் சப் 4 ஓமில் இணைந்தால் உங்களுக்குக் கிடைப்பது 300 மட்டுமே.

குறைந்த வாட்ஸ் ஆம்ப் போட்டால் சப் கெட்டுப்போகும் என்கிறார்களே, உண்மையா?

குறைந்த வாட்ஸ் எந்த சப்பையும் கெடுக்காது. வால்யூமைக் குறைத்து வைத்தாலும் சப்புக்குப் போவது குறைந்த வாட்ஸ்தானே, அதனால் எந்த சப்பும் எரிவதில்லை. எரிப்பது கிளிப்பிங்.

ஆம்ப்பால் கொடுக்க முடிந்த வோல்ட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டிக் கேட்டால் அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டு, வளைந்து ஏறி இறங்க வேண்டிய அலை சதுரமாகிவிடும். ஒரே உச்ச வோல்ட் உள்ள வளைந்த அலையையும் சதுர அலையையும் ஒப்பிட்டால், சதுர அலையில் இரண்டு மடங்கு வாட்ஸ் இருக்கும். 300 வாட்ஸ் ஆம்ப்பை முழுக்கக் கிளிப் செய்தால் 600 வாட்ஸ் வரை காயிலுக்குப் போகலாம். அதோடு, பாட்டில் சத்தமான இடமும் மெல்லிய இடமும் மாறி மாறி வரும்போது காயிலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஓய்வும் கிளிப்பிங்கில் குறைகிறது. காயில் சூடாகி, வார்னிஷ் பொசுங்கி, கடைசியில் கருகிவிடும். அந்த வாசனையை ஒருமுறை நுகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சிறிய ஆம்ப் வாங்கியவர் சத்தம் போதவில்லை என்று கெயினையும் பேஸ் பூஸ்ட்டையும் (பேஸை மட்டும் ஏற்றும் திருகி) கடைசி வரை திருப்புகிறார், சப் போகிறது, பழி வாட்ஸ் மேல் விழுகிறது. நடப்பது இதுதான். கிளிப் ஆனால் ஆம்ப்பிலிருந்து டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வந்து கோன் அப்படியே நின்றுவிடும் என்று சொல்வதும் சரியில்லை. மேலும் கீழும் சமமாக வெட்டுப்பட்ட அலையில் டி.சி. கிடையாது. கொல்வது வெறும் சூடு.

300 வாட்ஸ் ஆம்ப்பில் 500 வாட்ஸ் சப்பை ஓட்டி, கெயினை ஒழுங்காக வைத்தால் பல வருடம் ஓடும். 1,000 வாட்ஸ் ஆம்ப்பை அதே சப்புக்கு மாட்டி, கட்டுப்பாடு இல்லாமல் வால்யூம் வைத்தால் ஒரு மாலை நேரம் போதும்.

ஓம் கணக்கு குழப்புகிறது. எளிதாகச் சொல்ல முடியுமா?

ஒரே ஓம் உள்ள காயில்களைச் சீரிஸில் இணைத்தால் ஓம் கூடும், பேரலலில் இணைத்தால் குறையும். இரண்டு 4 ஓம் காயில் சீரிஸில் 8, பேரலலில் 2. சீரிஸ் என்றால் முதல் காயிலின் மைனஸை அடுத்த காயிலின் பிளஸோடு சேர்த்து, மிச்சமிருக்கும் இரண்டு முனைகளை ஆம்ப்புக்குக் கொண்டுபோவது. பேரலல் என்றால் பிளஸ் எல்லாம் ஒன்றாக, மைனஸ் எல்லாம் ஒன்றாக.

இப்போது நிஜ உதாரணங்கள். ஒரு டூயல் 4 ஓம் சப்பை (4 ஓம் காயில் இரண்டு உள்ளது) 2 ஓமிலோ 8 ஓமிலோ இணைக்கலாம், 4 ஓமில் முடியாது. ஒரு டூயல் 2 ஓம் சப் 1 ஓம் அல்லது 4 ஓம். இரண்டு சிங்கிள் 4 ஓம் சப் என்றால் 2 அல்லது 8. இரண்டு டூயல் 4 ஓம் சப்பில் நான்கு காயில் இருக்கிறது. எல்லாவற்றையும் பேரலலில் போட்டால் 1 ஓம், ஒவ்வொரு சப்புக்குள்ளும் சீரிஸ் போட்டு இரண்டு சப்பையும் பேரலலில் சேர்த்தால் 4 ஓம்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இரண்டு டூயல் 2 ஓம் சப்பில். 1 ஓம் வரை தாங்கும் மோனோபிளாக்கை வாங்கிவிட்டு, ஓம் குறைவான சப் எடுத்தால் முழு வாட்ஸும் கிடைக்கும் என்று இதை எடுப்பார்கள். நான்கு 2 ஓம் காயிலை வைத்துக் கிடைப்பது அரை ஓம், 2 ஓம், 8 ஓம். 1 ஓம் வரவே வராது. அரை ஓமில் பெரும்பாலான ஆம்ப் புரொடெக்டுக்கு (தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும் நிலை) போய்விடும், இல்லையென்றால் உள்ளே ஏதாவது எரியும். 2 ஓமில் பாதுகாப்பாக ஓடும், ஆனால் 1 ஓமுக்கு எழுதியிருந்த வாட்ஸ் வராது. அந்த ஆம்ப்புக்கு இரண்டு டூயல் 4 ஓம் சப்தான் பொருத்தம். அதனால்தான் சப்பையும் ஆம்ப்பையும் தனித்தனியாக முடிவு செய்யாமல், வாங்கும் முன்னேயே ஒரு தாளில் வயரிங்கை வரைந்து பாருங்கள் என்கிறேன்.

மல்டிமீட்டரில் 4 ஓம் காயில் 3.4 என்று காட்டுகிறது. காயில் பழுதா?

இல்லை. மீட்டர் டி.சி. எதிர்ப்பை அளக்கிறது, அது எழுதியிருக்கும் ஓமைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். 4 ஓம் காயில் 3.2 முதல் 3.7 வரை காட்டுவது இயல்பு. அரை ஓமுக்குக் கீழே காட்டினால் ஷார்ட், எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

பாக்ஸுக்குள் போட்டால் ஓம் ஏறிவிடும், அதனால் 2 ஓம் ஆம்ப்பில் 1 ஓம் சப் ஓட்டலாம் என்கிறார்களே?

ஓம் ஏறுவது உண்மை. சப்பின் எதிர்ப்பு ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், ரெசொனன்ஸ் (சப் தானாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்) இடத்தில் பல மடங்கு ஏறும். ஆனால் மற்ற அதிர்வெண்களில் கீழே இறங்கி, காயிலின் டி.சி. எதிர்ப்புக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். பாட்டில் எல்லா அதிர்வெண்ணும் வரும். ஏறுகிற இடத்தை மட்டும் நம்பி ஆம்ப்பின் எல்லைக்குக் கீழே போகாதீர்கள்.

டூயல் காயில் சப்பில் ஒரு காயிலை மட்டும் இணைத்தால் போதுமா?

ஓடும், ஆனால் வேண்டாம். சூடு தாங்கும் திறன் பாதியாகிவிடும், கோனைப் பிடித்து நிறுத்தும் காந்தப் பிடியும் குறைந்து பேஸ் தளர்வாகக் கேட்கும்.

1 ஓம், 2 ஓம், 4 ஓம்: எதில் ஓட்டுவது நல்லது?

தேவையான வாட்ஸ் 4 ஓமிலேயே கிடைக்கிறது என்றால் 4 ஓமில் ஓட்டுங்கள். ஓம் குறையக் குறைய ஆம்ப் வழியாகப் போகும் கரண்ட் கூடும், சூடு கூடும், அதே வாட்ஸுக்கு பேட்டரியிலிருந்து இழுப்பதும் கொஞ்சம் கூடும். 1 ஓமில் ஓட்டுவதால் பேஸ் தனியாக எந்த விதத்திலும் இனிமையாகிவிடாது. ஒரே ஆம்ப்பிலிருந்து அதிக வாட்ஸ் எடுக்க ஒரு வழி, அவ்வளவுதான். 1 ஓமுக்கென்றே கட்டிய நல்ல மோனோபிளாக் அதில் நிம்மதியாக ஓடும், பயப்பட ஒன்றுமில்லை.

மோனோபிளாக்கா, 2 சேனல் ஆம்ப்பை பிரிட்ஜ் செய்வதா (இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்ப்பதா)?

சப்புக்கு மட்டும் என்றால் மோனோபிளாக். அதற்காகவே செய்யப்பட்டது, குறைந்த ஓமைத் தாங்கும், லோ பாஸ் ஃபில்டர் (பேஸை மட்டும் விடுவது), சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணை வெட்டுவது) எல்லாம் உள்ளேயே இருக்கும்.

கையில் ஏற்கெனவே 2 சேனல் அல்லது 4 சேனல் ஆம்ப் இருந்தால் பிரிட்ஜ் செய்து ஒரு 4 ஓம் சப்பை நன்றாகவே ஓட்டலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சேனலுக்கும் பாதி ஓம்தான் தெரியும். சேனலுக்கு 2 ஓம் வரை தாங்கும் ஆம்ப், பிரிட்ஜில் 4 ஓம் வரைதான் தாங்கும். டூயல் 4 ஓம் சப்பை 2 ஓமாக்கி பிரிட்ஜில் மாட்டுவது சேனலுக்கு 1 ஓம் லோடு கொடுப்பதற்குச் சமம்.

முன்பக்கம் கதவு ஸ்பீக்கருக்கு இரண்டு சேனல், பின்பக்கம் இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்து ஒரு சப் என்று ஒரே 4 சேனல் ஆம்ப்பில் முடிப்பது, சிறிய காருக்கு நான் விரும்பிச் சொல்லும் ஏற்பாடு. இடமும் மிச்சம், ஒயரும் மிச்சம்.

கிளாஸ் ஏபியா, கிளாஸ் டியா?

சப்புக்கு கிளாஸ் டி. 80 முதல் 90 சதவீதம் வரை திறன், சின்ன உடம்பு, குறைந்த சூடு. கிளாஸ் ஏபி நல்ல சத்தம் கொடுக்கும், ஆனால் இழுத்த மின்சாரத்தில் பாதிக்குப் பக்கமாகச் சூடாக வெளியேற்றும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரண்டுக்கும் காதுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை.

வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தமும் இரட்டிப்பாகுமா?

ஆகாது. வாட்ஸ் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்றுதான் படும். இரண்டு மடங்கு சத்தம் என்று உணர சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் ஆகும். 500-ஐ 600 ஆக்க யோசிப்பவர்கள் ஒரு டெசிபலுக்கும் குறைவான மாற்றத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) 3 டெசிபல் அதிகமுள்ள சப் எடுத்தால் பாதி வாட்ஸில் அதே சத்தம் வரும். அதே 500 வாட்ஸை ஒரு சப்புக்குப் பதில் ஒரே மாதிரியான இரண்டு சப்புக்குப் பகிர்ந்தாலும், பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், சுமார் 3 டெசிபல் கூடும். பாக்ஸை ஒழுங்காகக் கட்டுவதும் இதே கணக்கில் சேரும். பெரிய ஆம்ப்புக்கு முன் இவற்றை யோசியுங்கள்.

என் வண்டியின் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது) தாங்குமா?

500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். கிளாஸ் டி ஆம்ப் முழு வீச்சில் ஓடினால்: 500-ஐ 0.8 ஆல் வகுத்தால் 625 வாட்ஸ், அதை 13.8 வோல்ட்டால் வகுத்தால் 45 ஆம்பியர். 1,000 வாட்ஸுக்கு 90 ஆம்பியர். இது உச்சம். பாட்டில் சராசரி இதில் மூன்றில் ஒரு பங்கு என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள், பேஸ் மட்டுமே நிறைந்த பாட்டு என்றால் இன்னும் கூடும்.

வண்டிக்கே இன்ஜின், ஏ.சி., ஹெட்லைட், மின்விசிறி எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். மிச்சம் எவ்வளவோ அதுதான் ஆம்ப்புக்கு. சாதாரண காரில் 500 வாட்ஸ் வரை எதையும் மாற்றாமல் ஓட்டலாம். 1,000 வாட்ஸ் நெருங்கும்போது நல்ல பேட்டரி, அதோடு மூன்று தடித்த ஒயர்கள் தேவைப்படும்: ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பிளஸுக்கு, பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு, இன்ஜினிலிருந்து பாடிக்கு. அதற்கும் மேலே போனால் பெரிய ஆல்டர்னேட்டர்.

பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கினால் வோல்ட் விழுகிறது என்று பொருள். வோல்ட் விழும்போது ஆம்ப்பின் கிளிப்பிங் எல்லையும் சேர்ந்து கீழே இறங்கும். காயிலுக்கு அதுவும் ஆபத்து.

கப்பாசிட்டர் போட்டால் ஹெட்லைட் மங்குவது நின்றுவிடாதா?

ஒரு ஃபாராட் கப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது கொடுப்பது 26 ஜூல். 1,000 வாட்ஸ் ஆம்ப் நொடிக்கு 1,250 ஜூல் கேட்கிறது. ஆக அது தாங்குவது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்புறம் அதையும் ஆல்டர்னேட்டர்தான் நிரப்ப வேண்டும். ஊற்று குறைந்த கிணற்றுக்குப் பெரிய வாளி வாங்குவது போன்றது இது. அந்தப் பணத்தை ஒயருக்கும் பேட்டரிக்கும் போடுங்கள்.

எந்த அளவு ஒயர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்?

டிக்கியில் ஆம்ப் இருந்தால் பேட்டரியிலிருந்து சுமார் 5 மீட்டர் ஒயர் போகும். சுத்தச் செம்பு ஒயர் என்றால் 400 வாட்ஸ் வரை 8 கேஜ், 1,000 வாட்ஸ் வரை 4 கேஜ், அதற்கு மேல் 0 கேஜ். கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும். 8 கேஜில் செம்பின் பரப்பு சுமார் 8 சதுர மில்லிமீட்டர், 4 கேஜில் 21, ஒற்றை 0 கேஜில் 53.

விலை மலிவான கிட்டுகளில் வருவது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர். அதே தடிமனில் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதையே போடுவதானால் ஒரு அளவு தடிமனாகப் போடுங்கள். இன்னொன்று, வெளி உறை தடிமனாகவும் உள்ளே கம்பி ஒல்லியாகவும் இருக்கும் ஒயர்களும் உண்டு. வெட்டிய முனையைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். அது ஆம்ப்பைக் காப்பாற்றுவதற்காக வைத்தது என்று நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை, ஒயர் வழியாக வண்டியை. பானட்டுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகரத் துளையில் ஒயர் உரசி உறை கிழிந்தால், முழு பேட்டரியும் அந்த ஒரு புள்ளியில் கொட்டும். ஃபியூஸ் டிக்கியில் ஆம்ப் பக்கத்தில் இருந்தால் ஒயர் தீப்பிடித்து முடியும் வரை அது சும்மா இருக்கும். துளையில் கட்டாயம் ரப்பர் வாஷர் போடுங்கள். செம்பு ஒயருக்கு 8 கேஜ் என்றால் 50 ஆம்பியர், 4 கேஜ் என்றால் 100 முதல் 125 ஆம்பியர் வரை ஃபியூஸ் போடலாம்.

பாடி எர்த் ஒயர் பிளஸ் ஒயரின் அதே தடிமன், அரை மீட்டருக்குள். பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று தகரம் தெரிந்த பிறகே போல்ட்டை முறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்காதீர்கள். பாட்டோடு சேர்ந்து இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஒரு 'ஙீ' சத்தம் வந்தால் முதலில் சோதிக்க வேண்டிய இடம் இந்த எர்த். அப்புறம் ஆர்.சி.ஏ. ஒயர் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குச் சிக்னல் கொண்டுவருவது) பவர் ஒயரோடு ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள்.

கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. இல்லை. ஆம்ப் மாட்ட முடியுமா?

முடியும். ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப்பாக எடுத்தால் பின் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கலாம். இல்லையென்றால் நடுவில், ஸ்பீக்கர் சிக்னலை ஆர்.சி.ஏ. சிக்னலாக மாற்றும் ஒரு லைன் அவுட்புட் கன்வெர்ட்டர். சில கம்பெனி ஸ்டீரியோக்கள் வால்யூம் ஏற ஏற பேஸைத் தானாகவே வெட்டும். உங்கள் வண்டியில் அப்படி இருந்தால் எத்தனை பெரிய ஆம்ப் போட்டாலும் வெட்டிய பேஸ் திரும்பாது, அதற்கென்று தனி கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன.

கெயினை எவ்வளவு வைப்பது?

கெயின் வால்யூம் திருகி கிடையாது. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னல் 2 வோல்ட்டாக இருக்கலாம், 4 வோல்ட்டாக இருக்கலாம். அதில் எந்த அளவுக்கு ஆம்ப் தன் முழு வாட்ஸைத் தொட வேண்டும் என்று பொருத்திவைப்பதுதான் கெயின். பாதியில் வைத்தாலும் முழு வாட்ஸ் வந்துவிடலாம்.

மல்டிமீட்டர் இருந்தால் பத்து நிமிட வேலை. வேண்டிய வாட்ஸை ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 500 வாட்ஸ், 2 ஓம் என்றால் 1,000-இன் வர்க்கமூலம், 31.6 வோல்ட். 300 வாட்ஸ், 4 ஓம் என்றால் 34.6 வோல்ட். சப்பின் ஆர்.எம்.எஸ்., ஆம்ப்பின் ஆர்.எம்.எஸ். இரண்டில் எது சிறியதோ அதைக் கணக்கில் போடுங்கள்.

அடுத்து சப் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிடுங்கள். ஸ்டீரியோவில் பேஸ், டிரெபிள் எல்லாம் பூஜ்யம். ஆம்ப்பில் பேஸ் பூஸ்ட், சப்சோனிக் ஆஃப், லோ பாஸ் முழுக்க மேலே. கெயினைக் கடைசி வரை குறைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனைப் போட்டு வால்யூமை முக்கால் அளவுக்கு வையுங்கள். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் பிடித்துக்கொண்டு கெயினை மெதுவாக ஏற்றுங்கள். கணக்குப் போட்ட வோல்ட் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். டெஸ்ட் டோன் 0 டெசிபலில் பதிவானதாக இருந்தால் இது முழுப் பாதுகாப்பு. மைனஸ் 5 டெசிபல் டோன் போட்டால் மெல்லப் பதிவான பாட்டுகளுக்கும் சத்தம் கிடைக்கும், ஆனால் சத்தமாகப் பதிவான பாட்டில் கிளிப் ஆகும். புதிதாகப் போடுபவர்கள் 0 டெசிபலிலேயே வையுங்கள். இனி பாட்டுக் கேட்கும்போது வால்யூம் அந்த முக்காலைத் தாண்டக்கூடாது.

பேஸ் பூஸ்ட், லோ பாஸ், சப்சோனிக்: எல்லாம் எப்படி வைப்பது?

லோ பாஸ் 80 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து, காதுக்கு ஏற்றபடி 70-க்கோ 90-க்கோ நகர்த்துங்கள். ஸ்டீரியோவிலும் ஆம்ப்பிலும் இரண்டு இடத்தில் வெட்ட வேண்டாம், ஒன்றில் போதும்.

போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பாக்ஸ் என்றால் சப்சோனிக் கட்டாயம். போர்ட்டின் டியூனிங் அதிர்வெண்ணுக்குக் கீழே காற்றின் பிடி போய், கோன் துள்ள ஆரம்பிக்கும். 35 ஹெர்ட்ஸ் டியூனிங் என்றால் சப்சோனிக்கை 28 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். மூடிய பாக்ஸுக்கு அவ்வளவு அவசியமில்லை.

பேஸ் பூஸ்ட் பூஜ்யத்தில் இருக்கட்டும். 6 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்ப்பிடம் நான்கு மடங்கு வாட்ஸ் கேட்கிறீர்கள், 12 டெசிபல் என்றால் பதினாறு மடங்கு. கஷ்டப்பட்டு மீட்டர் வைத்து அமைத்த கெயினுக்குப் பிறகு அர்த்தமே இருக்காது.

வேறு வேறு சப் இரண்டை ஒரே ஆம்ப்பில் போடலாமா?

வேண்டாம். வாட்ஸ் சமமாகப் பிரியாது, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி அசையாது, ஒன்று தள்ளும் காற்றை இன்னொன்று இழுக்கும்.

ஆம்ப்பை சப் பாக்ஸின் மேலேயே முடுக்கிவிடலாமா?

அதிர்வில் சால்டர் விட்டுப்போகும், திருகு தளரும். சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகையில் முடுக்குங்கள், சுற்றிலும் காற்று போக வழி இருக்கட்டும். கம்பளம் போட்டு மூடாதீர்கள்.

புரொடெக்ட் லைட் எரிகிறது. ஆம்ப் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். முதலில் சப் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றி, ஆம்ப்பை அணைத்து மறுபடி போடுங்கள். லைட் அணைந்துவிட்டால் சிக்கல் சப் பக்கம். கழற்றிய ஒயர் முனையில் மீட்டர் வைத்து ஓமைப் பாருங்கள். ஒயர் எங்காவது பாடியில் தொடுகிறதா, டெர்மினலில் ஒரு மெல்லிய கம்பி இழை பக்கத்து டெர்மினலை எட்டிப்பிடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த ஒரு இழைதான் பல தடவை காரணமாக இருக்கும்.

சப் இல்லாமலும் எரிந்தால் ஆர்.சி.ஏ.வைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து ஆம்ப்பின் பிளஸ், மைனஸ் முனையில் வோல்ட். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருந்து, ஆம்ப்பில் 12 தான் வருகிறது என்றால் ஒயர், ஃபியூஸ் ஹோல்டர், எர்த் மூன்றில் ஒன்று. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் தொட்டு, இன்னொன்றை ஆம்ப்பின் எர்த் முனையில் தொட்டு பாட்டைப் போட்டுப் பார்த்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினாலே எர்த் சரியில்லை. சூடாகி நின்ற ஆம்ப் என்றால் ஆறியதும் தானாக எழுந்துவிடும், காற்றோட்டத்தையும் ஓமையும் சரிபாருங்கள்.

பிளஸ், எர்த், ரிமோட் (ஸ்டீரியோ போட்டதும் ஆம்ப்பை எழுப்பும் ஒயர்) மூன்று ஒயர் மட்டும் இருந்து, வோல்ட்டும் சரியாக இருந்து, அப்போதும் லைட் எரிந்தால் உள்ளே அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய பழுதுதான். ஆனால் சரிசெய்த ஆம்ப்பைத் திரும்ப மாட்டும் முன், அதை எரித்த ஓமோ ஷார்ட்டோ இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள்.